தாழ்த்திய காருக்குப் பெரிய ரிம்: அங்குலத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

காரின் உயரத்தைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் அடுத்த மாதமே ரிம் கடை வாசலில் நிற்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த 16 அங்குல ரிம், தாழ்த்திய உடலுக்கு அடியில் சிறுத்துப்போனதுபோல் தெரியும். சிங்கப்பூரின் உபியிலோ சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் 18 அங்குல ரிம்களைப் பார்த்துவிட்டால், மனம் அங்கேயே தங்கிவிடும். கடைக்காரரிடம் முதலில் கேட்பதும் "18 போடலாமா, 19 போடலாமா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அது தீர்மானிக்கும் விஷயம் மிகக் கொஞ்சம். தாழ்த்திய காரில் ஒரு ரிம் பொருந்துமா, திருப்பத்தில் உரசுமா, சட்டத்துக்கு உட்பட்டு நிற்குமா என்பவற்றையெல்லாம் முடிவுசெய்வது ரிம்மின் அகலமும், ஆஃப்செட் எனப்படும் அளவும், அவை இரண்டும் சேர்ந்து சக்கரத்தை ஃபெண்டருக்கு (சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் உடல் தகடு) உள்ளே எந்த இடத்தில் நிறுத்துகின்றன என்பதும்தான்.

விட்டத்தைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

ரிம் பெரிதானால் சக்கரமும் பெரிதாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. சரியாகத் தேர்ந்தெடுத்தால் அப்படி ஆவதில்லை. டயரின் பக்கத்தில் 205/55 ஆர்16 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்; இங்கு ஓடும் நடுத்தரக் குடும்பக் கார்கள் பலவற்றில் இந்த அளவைக் காணலாம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. ஆகவே ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் நிற்கும் ரப்பரின் உயரம் ஏறத்தாழ 113 மில்லிமீட்டர். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரிக்குள் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று கணக்கு முறைகளையும் அடைத்து வைத்தவர்கள் புதியவர்களை நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும், 16ஐ 25.4ஆல் பெருக்கி, மேலும் கீழும் இருக்கும் இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர் என்று வரும்.

இப்போது 17 அங்குல ரிம்மில் 225/45 அளவு டயரைப் போட்டால் மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர். 18 அங்குல ரிம்மில் 225/40 போட்டால் 637. மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மாறியது வெளிச்சுற்று அன்று, உள்ளிருக்கும் பங்கீடு: ரப்பர் இருந்த இடத்தை உலோகம் எடுத்துக்கொண்டது. பக்கச்சுவர் 113இலிருந்து 101ஆகவும், பிறகு 90 மில்லிமீட்டராகவும் இறங்கிவிட்டது. எனவே சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைப் பெரிய ரிம் நிரப்புவதில்லை. அதை நிரப்புவது ஸ்பிரிங்கைத் தாழ்த்தும் வேலைதான். கார் தரையிலிருந்து நிற்கும் உயரமும் ரிம்மை மாற்றியதால் கூடுவதோ குறைவதோ இல்லை.

இந்தப் பங்கீட்டைக் காக்காமல், கையிருப்பில் இருக்கிறதென்று 225/45 ஆர்18 டயரை ஏற்றிக்கொண்டால் நிலைமை மாறிவிடும். அதன் விட்டம் 660 மில்லிமீட்டர். அதாவது மையத்திலிருந்து மேல் விளிம்பு வரை 14 மில்லிமீட்டர் கூடுதல். காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தியவருக்கு ஃபெண்டருக்குக் கீழே மேலும் 14 மில்லிமீட்டர் பறிபோகிறது. வேகமானியும் பாதிக்கப்படும்: முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டும்போது கார் உண்மையில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வரம்புள்ள விரைவுச்சாலையில் கேமராவுக்குக் கீழே போகும்போது அது அலட்சியப்படுத்தக்கூடிய வேறுபாடு அன்று. மொத்த விட்டம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. தாழ்த்திய காருக்கு ஒரு விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்பேன்.

அகலமும் ஆஃப்செட்டும்

முறுக்கு டின் ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்ததுபோல ரிம்மைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டின்னின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடு ஒன்றை மனத்துக்குள் வரையுங்கள். ரிம் காரின் ஹப்பில் (ரிம்மைத் தாங்கிச் சுழலும் மையப்பகுதி) போய் ஒட்டும் தட்டையான முகம் அந்த நடுக்கோட்டின் மேலேயே அமைந்திருந்தால் ஆஃப்செட் சுழியம். அந்த முகம் நடுக்கோட்டிலிருந்து சாலைப் பக்கம், அதாவது வெளிப்புறமாக 45 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஆஃப்செட் 45. ரிம்மின் உட்புறத்தில் ஈடி 45 என்று பொறித்திருப்பார்கள். ஹப் நகராத பொருள் என்பதால், ஆஃப்செட் எண் கூடக்கூடச் சக்கரம் காருக்கு உள்ளே போகும். எண் குறையக்குறைய வெளியே வரும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைவில் வைத்துக்கொள்வது வழக்கம். நானும் சில காலம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

கணக்கு எளிது. தொழிற்சாலை ரிம் 16 அங்குல விட்டமும் 6.5 அங்குல அகலமும் ஈடி 45ம் கொண்டது என்போம். அதற்குப் பதிலாக 18 அங்குல விட்டத்தில் 8 அங்குல அகலமுள்ள ரிம்மை அதே ஈடி 45இல் வாங்கினால், அகலம் 38 மில்லிமீட்டர் கூடுகிறது. அதில் பாதியான 19 வெளியே ஃபெண்டரை நோக்கியும், மீதி 19 உள்ளே ஷாக் அப்சார்பரை நோக்கியும் போகும். பல கார்களில் உட்பக்கம் 19 மில்லிமீட்டர் இடம் தாராளமாகக் கிடைப்பதில்லை. எனவே கடைக்காரர் ஈடி 35 ரிம்மைக் காட்டுவார். இப்போது உட்பக்கம் 9 மில்லிமீட்டர் மட்டுமே நெருங்குகிறது. ஆனால் வெளிப்பக்கம் 29 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. இதே காருக்கு 17 அங்குல விட்டமும் 7.5 அங்குல அகலமும் ஈடி 42ம் உள்ள ரிம்மை எடுத்தால், உள்ளே 10, வெளியே 16. விட்டம் ஓர் அங்குலம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் ஃபெண்டர் விளிம்பில் 13 மில்லிமீட்டர் மிச்சமாகிறது. உரசும் காருக்கும் உரசாத காருக்கும் இடையில் பல வேளைகளில் அவ்வளவுதான் வேறுபாடு.

வெளியே மிகவும் தள்ளிய சக்கரத்தால் ஸ்டியரிங் சாலையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப இழுக்கத் தொடங்கும். ஹப் பேரிங்கின் சுமையும் கூடும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் ஸ்பேசர் தட்டு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற யோசனையை முதல் முறை ரிம் மாற்றுபவர் ஒதுக்கிவைப்பது நல்லது. சரியான ஆஃப்செட்டில் ரிம் கிடைக்கும்போது, தவறான ரிம்மை வாங்கித் தட்டு வைத்துத் திருத்துவானேன்?

தாழ்த்தியதால் உண்மையில் என்ன மாறுகிறது?

நிறுத்தி வைத்த காரைப் பார்த்து ரிம்மைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர். சக்கரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேட்டில் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கி, சக்கரம் கூட்டுக்குள் மேலே போகிறது. முன்சக்கரம் இதோடு இடமும் வலமும் திரும்பவும் செய்கிறது. அந்த மேல்நோக்கிய பயணம் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் முட்டில் போய் நிற்கும். நிற்கும் நிலையிலிருந்து முட்டு வரை 80 மில்லிமீட்டர் இருந்ததென்றால், 30 மில்லிமீட்டர் தாழ்த்திய பிறகு 50 மட்டுமே மிஞ்சும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த பம்ப் ஸ்டாப்பை மாற்றாதவரை, சக்கரம் போய்ச் சேரும் கடைசி இடம் தாழ்த்துவதற்கு முன்பு எதுவோ அதுவேதான். ஆனால் முன்பு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போன சக்கரம் இப்போது நாள்தோறும் போகிறது. தாழ்த்தும்போது பம்ப் ஸ்டாப்பை வெட்டிச் சிறிதாக்கியிருந்தாலோ, உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் பூட்டியிருந்தாலோ, காரை வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத உயரத்துக்கும் சக்கரம் போகக்கூடும். ஆகையால் ரிம் கடைக்குப் போகுமுன், தாழ்த்திய பணிமனையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மில்லிமீட்டர் இறக்கினீர்கள்" என்பதோடு முடிவதில்லை. "பம்ப் ஸ்டாப்பை வெட்டினீர்களா" என்பதையும் கேட்க வேண்டும்.

தாழ்த்தும்போது சக்கரத்தின் சாய்வும் மாறும். பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் மேற்பகுதி சற்றே உள்நோக்கிச் சாயும். இது ஃபெண்டர் விளிம்பில் கொஞ்சம் இடம் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் சக்கரங்கள் நேர்கோட்டில் பார்க்கும் கோணமும் அதோடு கலைந்துவிடுவதால், அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும் நிலைக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோலவே இருக்கும். அகலமான டயரில் அந்த உள்விளிம்பு மேலும் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும்.

என் அக்காள் மகன் ஒருவன் தன் காரைத் தாழ்த்தி, 18 அங்குல ரிம்மில் 8 அங்குல அகலமும் ஈடி 35ம் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓட்டினான். அவன் மட்டும் வேலைக்குப் போய்வரும் கார் அது. தீபாவளிக்கு முந்திய வாரம் பெற்றோரையும் பாட்டியையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஜோகூருக்குக் கிளம்பினான். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டுமானால் சிங்கப்பூர்க் காரின் பெட்ரோல் தொட்டியில் முக்கால் அளவாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஐந்து பேர், நிறைந்த தொட்டி, திரும்பும்போது பின்னால் பலகாரமும் அரிசி மூட்டையும். கடற்பாலத்தைத் தாண்டிய முதல் மேட்டிலேயே பின்சக்கரங்கள் ஃபெண்டரின் உள்மடிப்பில் உரசத் தொடங்கின. வீடு திரும்பியபோது இரண்டு டயர்களின் தோளிலும் கத்தியால் கீறியதுபோல் வட்டம் விழுந்திருந்தது. பாட்டி மட்டும் வழிநெடுக "கார் ஏதோ சொல்கிறதே" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். அவன் கணக்குப் போடாமல் விட்டது ரிம்மை அன்று, பின்னிருக்கையை.

நம் ஊருக்குள்ளேயே கடுமையான சோதனைக்களம் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதை. ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பிய நிலையில் சரிவில் ஏறும்போது, வெளிப்பக்க முன்சக்கரம் அமுங்கவும் திரும்பவும் ஒரே நேரத்தில் செய்கிறது. சக்கரக் கூட்டின் உள்ளே பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் டயரின் முன்விளிம்போ பின்விளிம்போ உரசும் ஓசை முதலில் கேட்பது அங்கேதான். அதே சரிவின் ஓரக்கல்லில்தான் 40 விகித டயர் போட்ட ரிம்களின் விளிம்பு சிராய்ப்பும் பெரும்பாலும் தொடங்குகிறது.

நட்டு, துளை, எடை

ரிம்மின் துளைகள் காருக்குப் பொருந்துவது இரண்டாவது பெரிய விஷயம். ஆனால் இதில் யோசிக்க அதிகமில்லை, பொருந்தும் அல்லது பொருந்தாது. நட்டுத் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தைப் பிசிடி என்பார்கள். ஐந்து துளை, 114.3 மில்லிமீட்டர் என்பது ஜப்பானிய, கொரியக் கார்கள் பலவற்றில் இருப்பது. அந்த விசித்திரமான எண் வேறொன்றுமில்லை, நாலரை அங்குலம்தான். வோக்ஸ்வேகன், ஆவ்டி, மெர்சிடிஸ் கார்களில் 112 பரவலாக இருக்கும். ஹோண்டா ஜாஸ் போன்ற சிறிய கார்களில் நான்கு துளையும் 100 மில்லிமீட்டரும் இருக்கும். 112க்கும் 114.3க்கும் இடையில் 2.3 மில்லிமீட்டர்தானே என்று யாராவது நட்டை முறுக்கி ஏற்ற முன்வந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்; சாய்ந்து அமர்ந்த நட்டு ஓட்டத்தில் தளரும்.

ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம், ஏனென்றால் ரிம் செய்பவர்கள் பல கார்களுக்கும் பொதுவாகச் செய்கிறார்கள். ஐந்து துளையுள்ள ஹோண்டா கார் ஒன்றின் ஹப் 64.1 மில்லிமீட்டர், ரிம்மின் துளை 73.1 என்றால் இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் விரைவுச்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். நட்டின் அடிப்பகுதி வடிவத்தையும் பாருங்கள். ஹோண்டாவின் அசல் நட்டுகளின் அடி பந்துபோல் வளைந்திருக்கும். வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். பழைய நட்டையே புதிய ரிம்மில் பூட்டுவது மிச்சமன்று.

எடையைப் பலர் கேட்பதே இல்லை. ரிம், டயர், பிரேக் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை; அவற்றில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்வதைக் கடினமாக்குகிறது. தாழ்த்தியதால் ஏற்கெனவே பயணம் சுருங்கிய சஸ்பென்ஷனுக்கு இது இரட்டைச் சுமை. வார்த்துச் செய்த மலிவான 18 அங்குல ரிம், அசல் 16ஐவிடச் சக்கரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூடுதலாக இருப்பது அரிதன்று. அடித்து உருவாக்கிய ரிம் எடை குறைந்தது, வலுவானது, விலை அதிகமானது. இடைப்பட்ட செலவில், வார்த்தபின் விளிம்பை உருட்டி இறுக்கிய ரிம்கள் கிடைக்கின்றன. சாதாரணப் பயன்பாட்டுக்கு அவை போதும். எதுவாக இருந்தாலும் ஜேடபிள்யூஎல், விஐஏ போன்ற சோதனைக் குறிகள் பொறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். புகழ்பெற்ற ஜப்பானிய, ஜெர்மானிய வடிவங்களின் நகல்கள் கால்பங்கு விலையில் கிடைக்கும். ஜோகூர்ச் சாலைக் குழி ஒன்றில் 90 மில்லிமீட்டர் ரப்பரின் பாதுகாப்போடு அந்த நகல் விழும் தருணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

டயரில் சுமைக் குறியீட்டை விட்டுவிடாதீர்கள். அசல் 205/55 ஆர்16 டயரில் 91 என்ற எண் இருந்தால், ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது பொருள். 225/40 ஆர்18 சாதாரண வகையில் 88 என்று வருகிறது. அது 560 கிலோதான். அகலமான டயர் அதிகம் தாங்கும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது, ஏனென்றால் சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. பக்கச்சுவர் குறைந்தால் அந்தக் காற்றுக்கான இடமும் குறைகிறது. அதே அளவில் எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கானது) எனக் குறிப்பிட்ட வகை 92 குறியீட்டோடு 630 கிலோ தாங்கும். ஆனால் அதற்குச் சற்றுக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். டயர் கடையில் "எக்ஸ்எல், 92" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். டயரின் அகலத்தையும் ரிம்முக்கு ஏற்றபடியே வையுங்கள்: 225/40க்கு ஏழரை முதல் ஒன்பது அங்குலம் வரை ரிம் பொருந்தும், எட்டு அங்குலமே இயல்பானது. டயர் அகலமாகும்போது தேங்கிய நீரில் மிதந்து வழுக்கும் போக்கும் கூடும் என்பதால், நம் ஊர் அடைமழையை நினைத்து நீரை நன்றாக வெளியேற்றும் வரித்தடம் உள்ள டயரையே தேர்ந்தெடுங்கள், 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட எல்லை வரை தேயவிடவும் வேண்டாம்.

சட்டமும் நூல்கயிறும்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் ரிம் வாங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, சக்கரம் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது. சஸ்பென்ஷனுக்கும் ரிம்முக்குமான விதிகள் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் இருக்கின்றன. பணம் கொடுக்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரையுள்ள கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டு கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால், நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு நீண்ட காலம் மறைந்து வாழவும் முடியாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்பதை அறியக் கொத்தனாரின் தூக்குக்குண்டு முறையே போதும். சமதளத்தில் காரை நிறுத்தி, ஃபெண்டரின் மேல் விளிம்பில் நூலை ஒட்டி, அடியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து டயரின் வெளிப்பக்கம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை அளந்தால் வெளிப்பக்க இடம் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் கையை நீட்டி, டயரின் உட்பக்கத்துக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையில் அளந்தால் உட்பக்க இடம் தெரியும். நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது பல கார்களில் இயல்பு. கிடைத்த எண்களில் உட்பக்கம் குறைந்தது 5 மில்லிமீட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். நூல் அளவு 20 என்று காட்டும் காருக்கு வெளியே 29 நீளும் ரிம்மை யார் என்ன சொல்லி விற்றாலும் வாங்கக் கூடாது. புதிய டயர் பழையதைவிட அகலம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

என்னைக் கேட்டால், 30 மில்லிமீட்டர் தாழ்த்தி, குடும்பத்தோடும் ஓட்டும் காருக்கு 17 அங்குலமும் ஏழரை அங்குல அகலமும் அசலுக்கு நெருக்கமான ஆஃப்செட்டுமே போதுமானவை. 18ஐ விரும்புபவர், தனியாக ஓட்டுபவராகவும் அலைன்மென்ட்டுக்குத் தவறாமல் போகிறவராகவும் இருந்தால் மறுக்கமாட்டேன். 19 அங்குலத்தை இந்த அளவுக் காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு ரிம்மை டயரோடு முன்பக்கம் பூட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க அனுமதிக்கும் கடையைத் தேடுங்கள். பிறகு அதே சக்கரத்தைப் பின்பக்கம் பூட்டி, பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து அருகிலுள்ள வேகத்தடை ஒன்றில் ஏற்றி இறக்குங்கள். நான்கையும் பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, காரின் கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். கழற்றிய 16 அங்குல ரிம்களை விற்றுவிடாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாமான் அறையில் நான்கு ரிம்களுக்கு இடம் கேட்பது எளிதன்று, வீட்டில் ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும். ஆனால் காரை விற்கும் நாளில் அவை மீண்டும் தேவைப்படும்.